முதல் பதிப்பு மோகமும் மூணாம் பதிப்புக் குப்பையும்

டிஸ்கி: பழைய புத்தகம் சேர்க்கிறவங்களைக் கிண்டல் பண்ற பதிவு இல்லை இது. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். அதனாலதான் கொஞ்சம் உரிமையோட திட்டறேன் :-)

பழைய நாடகப் புத்தகம் சேர்க்கிறவங்க நடுவுல "முதல் பதிப்பு"ங்கற வார்த்தைக்குத் தனி மயக்கம் உண்டு. அதே நாடகத்தோட மூணாவது பதிப்பையோ, அட்டை போன மலிவுப் பதிப்பையோ காட்டினா உதட்டைப் பிதுக்குவாங்க. "இது குப்பை சார், எடைக்குப் போட வேண்டியது." நாவலுக்கும் கவிதைக்கும் இந்த மோகம் ஓரளவு பொருந்தும். நாடகத்துக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. ஒரு நாடகப் பிரதி கையில கிடைச்சா கேட்க வேண்டியது "இது எத்தனையாவது பதிப்பு?" இல்லை. "வேற எந்தப் பிரதியிலயும் இல்லாத எது இதுல இருக்கு?" அதுக்குப் பதில் இருந்தா அது பொக்கிஷம். இல்லைன்னா அது ஷோகேஸ் பொம்மை.

இந்த முதல் பதிப்பு வியாதி முத்திப் போன இடம்னா அது பிரெஞ்சு நாடகங்கள்தான். எங்க ஊர் எக்கியார்குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மரக்காணம் உப்பளம். ஈ.சி.ஆர்ல பஸ் ஏறினா பாண்டிச்சேரி பக்கம்தான். அங்கே ஞாயித்துக்கிழமை காந்தி வீதியில போடற சந்தையில பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள் கண்ணுல படும். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்காக அச்சடிச்ச மோலியேர், ரசீன், கொர்னேய். ஓரத்துல பென்சில்ல தமிழ் அர்த்தம் எழுதியிருக்கும். யாரோ ஒரு பாண்டிச்சேரிப் பையன் பரிட்சைக்குப் படிச்சது. சேகரிப்பாளர்கள் அதைத் தொடக்கூட மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது பாரிஸ்ல 1660கள்ல அச்சான பிரதி.

சரி, அந்த 1660கள்ல என்ன நடந்ததுன்னு பாப்போம். அந்தக் கதையே என் கட்சிக்குப் பாதி சாட்சி.

அந்தக் காலத்துல பாரிஸ்ல ஒரு நாடகம் அச்சாகிட்டா அதை எந்தக் கம்பெனி வேணும்னாலும் போடலாம். அதனால நாடகக்காரங்க முடிஞ்ச வரைக்கும் அச்சுக்குக் குடுக்காம இழுத்தடிப்பாங்க. மோலியேரும் அப்படித்தான். 1660ல அவரோட 'லெ பிரெசியூஸ் ரிதிக்யூல்' நாடகத்தை, பிரதியை எப்படியோ கைப்பத்தி, ரிபூன்னு ஒரு புத்தக வியாபாரி அச்சடிக்க உரிமையே வாங்கிட்டார். வேற வழியில்லாம மோலியேர் அவசர அவசரமா தானே அச்சிட்டார். என் விருப்பம் இல்லாமலே இது அச்சேறுதுன்னு முன்னுரையிலயே புலம்பியிருக்கார்.

அதே வருஷம் இன்னொரு கூத்து. 'ஸ்கானரெல்'னு அவரோட அடுத்த நாடகம். நெஃப்வில்னேன் என்ற பேர்ல ஒருத்தர், நாடகத்தைப் பல தடவை பார்த்து மனப்பாடம் ஆயிடுச்சுன்னு சொல்லி, மொத்தத்தையும் எழுதி அச்சுக்குக் குடுத்துட்டார். அச்சடிச்சது அதே ரிபூ. ஆக 'ஸ்கானரெல்' முதல் பதிப்பு என்பது திருட்டுப் பதிப்பு. தியேட்டர்ல கேமரா வெச்சு எடுத்த பிரிண்ட் மாதிரி! இன்னைக்கு அது கிடைச்சா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்க.

அப்போ முதல் பதிப்பு எல்லாம் வீணான்னு கேட்டா, இல்லை. எதிர்க்கட்சிக்கும் ஒரு பலமான சாட்சி இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

மோலியேரோட 'டான் ஜுவான்' 1665ல மேடையேறி, பதினஞ்சு ஆட்டத்தோட நின்னு போச்சு. அவர் 1673ல சாகற வரைக்கும் அது அச்சாகவே இல்லை. 1677ல தொமா கொர்னேய் அதைச் செய்யுளா மாத்தி, காரத்தைக் குறைச்சு எழுதினார். ரொம்ப காலம் மேடையில ஓடினது அதுதான். 1682ல மோலியேரோட நண்பர்கள் மொத்த நூல்களையும் பதிப்பிச்சப்போ மூல நாடகம் அச்சாச்சு. ஆனா தணிக்கை குறுக்கே வந்து, அச்சான தாள்களையே வெட்டி எடுத்து வேற தாள் ஒட்ட வெச்சாங்க. கடவுளைத் திட்டினா பொற்காசு தர்றேன்னு காட்டுல ஒரு ஏழையை டான் ஜுவான் ஆசை காட்டற காட்சி உண்டு. அது முக்கியமா அடி வாங்கிச்சு. வெட்டுப்படாத பிரதி விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் தப்பிச்சுது. 1683ல ஆம்ஸ்டர்டாம்ல வந்த பதிப்புலயும் அந்தக் காட்சி முழுசா இருந்துச்சு. இன்னைக்கு நாம மூல 'டான் ஜுவானை' படிக்க முடியுதுன்னா இந்தப் பிரதிகள்தான் காரணம்.

கவனிங்க. வெட்டுப்படாத 1682 பிரதி விலைமதிப்பில்லாதது, சரி. அது "முதல்" என்பதாலயா? இல்லை. வேற எதுலயும் இல்லாத வரிகள் அதுல இருக்கறதால. ஆம்ஸ்டர்டாம் பதிப்பு "ரெண்டாவது". ஆனா வெட்டுப்பட்ட "முதல்" பதிப்பைவிட அது உசத்தி. என் கேள்வியைத்தான் இது திரும்பக் கேட்குது.

என் மாதிரி மென்பொருள் ஆளுங்களுக்குப் புரியற பாஷையில சொன்னா: நாவல்னா முதல் பதிப்புதான் ரிலீஸ். நாடகத்துல ரிலீஸ் நடக்கறது மேடையில. ராத்திரிக்கு ராத்திரி பேட்ச் போட்டுக்கிட்டே இருப்பாங்க. அச்சுப் பிரதி என்பது யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு நாள் எடுத்த பேக்கப். எந்த பேக்கப்ல எந்த பேட்ச் இருக்குன்னு தெரியாம "முதல் பேக்கப்தான் உசத்தி"ன்னு சொல்றவனை எந்த டீம் லீடும் வேலைக்கு வெச்சுக்க மாட்டார்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

தமிழ் நாடகத்துல "முதல் பதிப்பு"ன்னா சேகரிப்பாளர்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது 1891ல வந்த பெ. சுந்தரம் பிள்ளையோட 'மனோன்மணீயம்'. அது படிப்பதற்கென்றே செய்யுள்ல எழுதின நாடகம். அதுக்கு முதல் பதிப்பு என்ற பேச்சு பொருந்தும். அதோட பாயிரத்துல இருந்துதான் 1970ல தமிழ்த்தாய் வாழ்த்து எடுத்தாங்க, சில வரிகளை விட்டுட்டு. விட்ட வரிகள் என்னன்னு இன்னைக்கும் யார் வேணும்னாலும் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்க்கலாம். அச்சு என்பதோட பலம் அது. பம்மல் சம்பந்த முதலியாரும் அச்சை நம்பின ஆள். 1891ல சுகுண விலாச சபாவை ஆரம்பிச்சவர், தன் நாடகங்களைப் புத்தகமாவும் போட்டுக்கிட்டே வந்தார். அவரோட 'காளப்பன் கள்ளத்தனம்' மோலியேரோட ஸ்காப்பன் நாடகத்தோட தழுவல்தான். மோலியேர் நமக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை பாருங்க.

ஆனா தமிழ் நாடகம்னா இந்த ரெண்டு பேர் மட்டுமா? ஊர் ஊரா ஜனங்க விடிய விடிய உக்காந்து பார்த்தது சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களை. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி'. 1918ல மதுரையில அவர் நடத்தின பால சபாவுல பாட்டும் வசனமும் பசங்களுக்கு வாய்ப்பாடமா ஏறிச்சு. 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில எழுதி முடிச்சார்னு அவர்கிட்ட வளர்ந்த நடிகர்களே சொல்லியிருக்காங்க. கடைசிக் காலத்துல பக்கவாதம் வந்து பேச்சு போச்சு. 1922 நவம்பர்ல பாண்டிச்சேரியில காலமானார். சமாதி கருவடிக்குப்பத்துல இருக்கு. நாற்பதுக்கு மேல நாடகம் எழுதினார்னு கணக்கு சொல்றாங்க. முழுசா நம்ம கைக்கு வந்தது அதுல ஒரு பகுதிதான்.

இவருக்கு "முதல் பதிப்பு" எது? கம்பெனி நோட்டுல எழுதினதா? நடிகரோட தொண்டையில இருந்ததா? கொட்டகை வாசல்ல அணாக் கணக்குல வித்த பாட்டுப் புத்தகமா? பவளக்கொடி பாட்டுப் புத்தகம் ஒண்ணு கிடைக்குது, ஆறாம் பதிப்பு, அட்டை இல்லை, உள்ளே ஒரு ராஜபார்ட் தன் வரிகளுக்குக் கோடு போட்டு, ராகத்தை மாத்தி எழுதி வெச்சிருக்கார்னு வைங்க. அது சுத்தமா, கை படாம இருக்கற முதல் பதிப்பைவிட நூறு மடங்கு மேல். ஏன்னா அந்த நாடகம் மேடையில எப்படி ஓடிச்சுன்னு சொல்ற சாட்சி அது ஒண்ணுதான். பழைய புத்தகக் கடையில "எழுத்து இருக்கு சார், அதனால விலை கம்மி"ன்னு சொல்லுவாங்க. நாடகப் புத்தகத்துல எழுத்து இருந்தா விலை ஏறணும்!

எங்க பக்கம், அதாவது திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி வட்டாரத்துல, நிலைமை இன்னும் ஒரு படி மேல. இங்கே நாடகம்னா தெருக்கூத்து. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் திரௌபதியம்மன் கோயில்கள்ல பாரதக் கூத்து நடக்கும். 'கர்ண மோட்சம்', 'அபிமன்யு'ன்னு சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் மாதிரிப் பதிப்பகங்கள் பெரிய எழுத்துல மலிவா போட்ட புத்தகங்கள் ஒரு பக்கம். கூத்து வாத்தியார் கையால எழுதின நோட்டு இன்னொரு பக்கம். எந்த விருத்தத்தை எங்கே பாடணும், எந்தத் தருவை விடலாம், கட்டியங்காரன் எங்கே நுழையணும், எல்லாம் அந்த நோட்டுலதான். வாத்தியார் போய்ட்டா நோட்டு என்ன ஆகும்? பிள்ளை சென்னையில வேலை பார்ப்பான். வீட்டை இடிச்சுக் கட்டும்போது நோட்டு பழைய பேப்பரோட போகும். அதுக்கு முதல் பதிப்பும் கிடையாது, ரெண்டாம் பதிப்பும் கிடையாது. உலகத்துலயே ஒரே பிரதி. எந்த ஏலத்துலயும் வராது.

இன்னொரு விஷயம். இதுதான் என்னை ரொம்ப உறுத்தறது.

1660ல அச்சான மோலியேர் புத்தகம் இன்னைக்கும் பக்கம் வெள்ளையா, மடங்கினா ஒடியாம இருக்கும். காரணம் காகிதம். அன்னைக்குக் காகிதம் செஞ்சது கந்தல் துணியில. பத்தொன்பதாம் நூற்றாண்டோட பின்பாதியில மரக்கூழ் காகிதம் வந்துச்சு. மலிவு. ஆனா அதுக்குள்ளயே அமிலம் இருக்கு. தானே தன்னைத் தின்னும். பழுப்பாகி, பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நம்ம நாடகப் புத்தகம் முக்கால்வாசி அச்சானது சரியா இந்தக் காலத்துல, இருக்கறதுலயே மட்டமான காகிதத்துல. ஆக 360 வருஷத்துக்கு முந்தின மோலியேருக்கு இன்னும் ஆயுசு கெட்டி. 1920ல வந்த பாட்டுப் புத்தகம் சாகக் கிடக்குது. இதுல எங்க கடலோரம் வேற. காத்துல உப்பு. கேட்டுக் கம்பி துருப்பிடிக்கற ஊர்ல காகிதம் என்ன பாடு படும்? ஈரத்தை உறிஞ்சிக்கிட்டு பூஞ்சணம் பிடிக்கும். மிச்சத்தை ராமபாணப் பூச்சியும் கரையானும் பாத்துக்கும்.

அதனால பிரெஞ்சு நாடகம் சேர்க்கறவருக்கு இது பொழுதுபோக்கு. அவசரம் இல்லை. அவர் வாங்கலைன்னாலும் அந்தப் புத்தகம் எங்கேயோ பத்திரமா இருக்கும். 1537லயே பிரான்சுவா ராஜா அச்சாகற புத்தகத்துல ஒரு பிரதி அரசாங்கத்துக்குத் தரணும்னு சட்டம் போட்டுட்டார். நமக்கு அந்த மாதிரி வந்தது 1867ல, வெள்ளைக்காரன் போட்ட அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம். யார் என்ன எழுதறான்னு கண்காணிக்கப் போட்டது. அதோட புண்ணியத்துலதான் நம்ம பழைய நாடகங்கள் நிறைய லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல போய் உக்காந்திருக்கு. நம்மளை வேவு பார்த்தவனே நமக்குப் பெரிய சேகரிப்பாளன் ஆயிட்டான். 1876ல நாடகத்துக்குன்னே தனியா தடைச் சட்டமும் போட்டான். வெ. சாமிநாத சர்மாவோட 'பாணபுரத்து வீரன்' தடையில மாட்டினப்போ, டி.கே.எஸ். சகோதரர்கள் அதையே 'தேசபக்தி'ன்னு பேரை மாத்தி மேடையேத்தினாங்க. பேர் மாறினதுல வசனம் என்னென்ன மாறிச்சு? அதைப் பார்க்கணும்னா அச்சுப் புத்தகம் மட்டும் போதாது, கம்பெனிப் பிரதியும் வேணும்.

சேர்த்தவங்களும் ரெண்டு ரகம். பிரான்ஸ்ல சொலேன்னு ஒருத்தர். ஆயுசு முழுக்க நாடகப் பிரதிகளைச் சேர்த்தார். 1842ல அவர் செத்ததும் ஏலம் போட்டு நாலா பக்கமும் பறந்து போச்சு. மிச்சம் இருக்கறது பெரிய பெரிய வால்யூமா வந்த கேட்டலாக் மட்டும்தான். இன்னொருத்தர் ரோந்தெல், மார்செய் ஊர் வங்கிக்காரர். நாடகப் புத்தகத்தோட நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்குன்னு குப்பை கூளம் எல்லாத்தையும் சேர்த்தார். 1920ல மொத்தத்தையும் அரசாங்கத்துக்குக் குடுத்துட்டார். அதுதான் பிரெஞ்சு தேசிய நூலகத்தோட நாடகக் கலைப் பிரிவுக்கு அஸ்திவாரம்.

நமக்கும் ஒரு ரோந்தெல் இருந்தார். பேங்க் முதலாளி இல்லை, கோட்டையூர்ல போர்டு எழுதின ஓவியர். ரோஜா முத்தையா. புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரைக்கும். "இது குப்பை"ன்னு அவர் எதையும் ஒதுக்கலை. 1992ல அவர் மறைஞ்ச பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கி, சென்னையிலயே வெச்சு, 1994ல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. புதுக்கோட்டையில கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி உருவாக்கின ஞானாலயா முதல் பதிப்புகளுக்கே பேர் போனது. ஆனா அது பூட்டின பீரோ இல்லை. தேடிப் போற ஆய்வாளனுக்குத் திறந்த கதவு. முதல் பதிப்பு சேர்க்கறதுன்னா இப்படிச் சேர்க்கணும்.

"காசு குடுத்து வாங்கினேன், பூட்டி வெச்சா உனக்கென்ன?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். புத்தகம் உங்களோடது, சந்தேகமே இல்லை. ஆனா அதுல இருக்கற வரிகள் உங்களோடது இல்லை. படம் எடுத்துப் பொதுவுல போட்டா உங்க புத்தகத்தோட மதிப்பு குறையும்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அது வீண். பிரெஞ்சு தேசிய நூலகம் 'கால்லிகா'ன்னு 1997ல இருந்து பழைய நாடகங்களை இலவசமா வலையில போட்டுக்கிட்டு இருக்கு. அதனால மோலியேர் முதல் பதிப்பை யாரும் எடைக்குப் போட்டதாத் தெரியலை. காகிதத்து மேல ஆசை இருக்கறவனுக்குக் காகிதம், வரி வேணுங்கறவனுக்கு வரி. ரெண்டும் சண்டை போடாது.

எழுதறது, படிக்கறதுன்னு இருக்கற நாமதான் இதைச் செய்யணும். அதனால சில விஷயம்:

1. பரண்ல நாடகப் புத்தகமோ, பாட்டுப் புத்தகமோ, கூத்து நோட்டோ இருந்தா முதல்ல படம் எடுங்க. ஸ்கேனர்ல அமுக்கினா முதுகு உடைஞ்சிடும். ஜன்னல் வெளிச்சத்துல போன் கேமராவே போதும்.

2. லேமினேட் பண்ணாதீங்க. செலோடேப் ஒட்டாதீங்க. அந்தப் பசை பத்து இருபது வருஷத்துல காகிதத்தையே கறையாக்கிடும். பருத்தித் துணியில சுத்தி, காத்தாட, உப்புக் காத்து படாத உள் அறையில வைங்க.

3. பின் அட்டை விளம்பரம், விலை, பேர் எழுதின கையெழுத்து, ஓரக் குறிப்பு எதையும் விடாதீங்க. கூத்து நோட்டா இருந்தா அது யாரோட நோட்டு, எந்த ஊர் ஜமான்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க.

4. மதுரைத் திட்டம், விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகம், ஆர்க்கைவ் தளம்னு போட நிறைய இடம் இருக்கு. சொந்தமா வெச்சுக்க முடியலைன்னா நூலகத்துக்குக் குடுங்க.

5. காப்புரிமை பயம் வேண்டாம். ஆசிரியர் இறந்த அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம்தான் கணக்கு. சுவாமிகள் போய் நூறு வருஷம் தாண்டியாச்சு. பம்மலாரோடது நாட்டுடைமை ஆயாச்சு.

1682 பிரதி ஒண்ணு ஏலத்துக்கு வந்தா அதை வாங்க உலகத்துல ஆயிரம் பேர் இருக்காங்க. செஞ்சிப் பக்கம் ஒரு வீட்டு மச்சுல கிடக்கற கர்ண மோட்சம் நோட்டை வாங்க யாரும் வரப் போறதில்லை. நாம போனாத்தான் உண்டு. சும்மா போகாதீங்க, ஊர்க் கூத்து வாத்தியாருக்கு வெத்தலை பாக்கு வெச்சு, மரியாதையாக் கேளுங்க.

பி.கு.: முதல் பதிப்பு 'மனோன்மணீயம்' யார்கிட்டயாவது இருந்து, "இவன் சொல்றதைப் பார்த்தா இது வேஸ்ட் போலிருக்கே"ன்னு தோணினா, தயவு செய்து எடைக்குப் போட்டுடாதீங்க. எனக்கு ஒரு வரி எழுதுங்க, பஸ் ஏறி வந்து வாங்கிக்கிறேன். கொள்கை வேற, ஆசை வேற :-)